கண்டி வீதி தொடங்கும் இடத்தில்

புராதன நகரங்களைக் காணச் செல்வோர் இரு சாரார். ஒரு சாரார் விடியற்காலையில் வந்திறங்கி, நண்பகல் வெயிலிலே கோயிலையும் அரண்மனையையும் விரைந்து பார்த்து, படமும் பிடித்துக்கொண்டு, பொழுது சாயுமுன் ஊர் திரும்புவர். மற்றச் சாரார் நகரின் நடுவே ஓர் அறை எடுத்து, இரண்டொரு நாளேனும் அங்கே உறங்கி எழுவர். பணத்தைக் கணக்கிட்டால் முதலாவது வழியே சிக்கனமானது. நானும் நெடுங்காலம் அந்தச் சிக்கனக்காரருள் ஒருவனாகவே இருந்தேன். அண்மையில் கண்டி மாநகரின் மத்தியில் மூன்று இரவுகள் தங்க நேர்ந்த பின்னர் என் எண்ணம் மாறிவிட்டது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், குடும்பத்துடன் அங்கு தங்க விரும்புவோர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டிய சிலவற்றையும் நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வாசலைத் தொட்டுச் செல்லும் பெருவீதிக்குக் கண்டி வீதி என்று பெயர். அரசாங்கப் பதிவேடுகளில் அதுவே ஏ-9 வீதி. அதன் நீளம் 321 கிலோமீற்றர். பழைய கணக்கில் ஏறக்குறைய 200 மைல். வீதியோரத்துக் கிலோமீற்றர்க் கற்களின் எண்கள் கண்டியிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே எங்கள் அயலில் நிற்கும் கல்லும் கண்டியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கின்றோம் என்பதையே அல்லும் பகலும் அறிவித்துக்கொண்டு நிற்கின்றது. என் தாயார் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீதியோரத்திலேயே வாழ்ந்து வந்தும், அவ்வீதி தொடங்கும் இடத்துக்கு ஒரு தடவையேனும் திரும்பிச் சென்றதில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது கண்டியில். கண்டி நகரத்தினுள்ளேயே கொழும்பு வீதி என்று ஒரு வீதி உண்டு. அங்கே அம்மாவின் தந்தையார் ஒரு புடவைக் கடை வைத்திருந்தார். பின்னர் அதனை என் தந்தையார் நடத்தினார். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரம் கண்டியையும் எட்டியபோது அந்தக் கடை எரிந்து சாம்பலாயிற்று. எதிரே குடியிருந்த சிங்கள முதியவரும் அவருடைய மனைவியாரும் எங்களைத் தங்கள் வீட்டின் பின்னறையில் இரண்டு இரவுகள் மறைத்து வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த அறையில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்ததும், இருமக்கூடாது என்று அம்மா என் வாயைப் பொத்தியிருந்ததும் மாத்திரமே நினைவில் நிற்கின்றன. அதன் பிறகு யாழ்ப்பாணம். சில ஆண்டுகளில் தந்தையாரும் காலமானார். கண்டியைப் பற்றி அம்மா அதிகம் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

இவ்வாண்டு என் மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, 78 வயதான அம்மா, ஒருவரும் எதிர்பாராத வண்ணம், "நானும் வாறேன், தம்பி" என்றார். வழியிலே களைத்துப் போவார் என்று கூறித் தடுக்க முயன்றேன். அவர் இணங்கவில்லை. ஒரு நிபந்தனையும் விதித்தார். "மலைமேலே எங்கேயாவது கொண்டுபோய் வைக்காதே. பட்டணத்துக்கு நடுவிலே, சனச் சந்தடி கேட்கிற இடத்திலே இருக்கவேண்டும்."

கண்டியில் தங்குமிடங்களுக்குக் குறைவில்லை. ஏரியைச் சூழ்ந்த குன்றுகளின் சரிவுகளிலெல்லாம் விடுதிகள் எழுந்துள்ளன. அங்கிருந்து நோக்கினால் ஏரியும் தலதா மாளிகையும் ஓவியம் போலத் தோன்றும். ஆனால் ஓவியத்துக்குள்ளே இறங்குவதற்கு ஒவ்வொரு முறையும் முச்சக்கர வண்டி பிடிக்கவேண்டும். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் தண்டனையேயாகும். நகர மத்தியிலுள்ள ஹோட்டலிலோ நினைத்த நேரத்தில் வெளியே சென்று, களைத்த நேரத்தில் அறைக்கு மீண்டு சற்றே சாய்ந்திருக்கலாம். குழந்தைகளோடும் வயோதிபரோடும் செல்பவர்களுக்கு இது சிறிய வசதி அன்று.

நாங்கள் தங்கியது ஆங்கிலேயர் காலத்து முறையில் அமைந்த ஒரு ஹோட்டல். ஏரிக்கரையும் தலதா மாளிகையும் சில நிமிட நடைத்தூரம். உயர்ந்த கூரை, அகன்ற மரப் படிகள், நடக்கும்போது மெல்ல முனகும் பலகைத் தளம், வீதியை நோக்கிய நீண்ட விறாந்தை. வாசலிலே அம்மா சற்றுத் தயங்கி நின்றார். சிறு பிள்ளையாக இருந்தபோது தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கின்றாராம். உள்ளே என்ன இருக்கின்றது என்று ஒருநாள் கேட்டபோது, "துரைமார் சாப்பிடுகிற இடம், பிள்ளை. எங்களுக்கு அங்கே அலுவல் இல்லை" என்று பாட்டனார் சொன்னாராம். அதனைச் சொல்லிவிட்டு அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, என் மகளின் தோளைப் பற்றியவாறு உள்ளே நுழைந்தார்.

இத்தகைய ஹோட்டல்கள் மலைநாட்டில் ஏன் தோன்றின என்பதை அறிய, கோப்பியின் வரலாற்றை அறியவேண்டும். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், அதனைச் சூழ்ந்த காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தோட்டத்துரைமார் கூடுவதற்கும், கொழும்பிலிருந்து வருவோர் தங்குவதற்கும் விடுதிகள் வேண்டியிருந்தன. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில்தான், கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் வணிக நோக்குடன் தேயிலையைப் பயிரிடத் தொடங்கினார். சில ஆண்டுகளில் கோப்பி நோயினால் அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

எங்கள் அறைக்குச் சுடுநீர் கொண்டுவந்த பணியாளர் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த தமிழர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் வந்தோம் என்பதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. தம்முடைய முன்னோரும் அந்த வடக்குப் பாதையால் வந்தவர்களே என்றார்; மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள். காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்பது வரலாறு. அம்மா அவரை இருக்கச் சொன்னார். அவர் இருக்கவில்லை, நின்றபடியே, "நீங்க பஸ்ஸுல வந்தீங்க அம்மா, அவங்க நடந்து வந்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சிரித்தார்.

முதல் இரவு வாகனங்களின் இரைச்சலால் எனக்கு உறக்கம் வரவில்லை. நகர மத்தியில் தங்குவோர் இதனை எதிர்பார்த்தே செல்லவேண்டும். வீதியை நோக்கிய அறை காட்சிக்கு நன்று. நித்திரைக்கு உள்முற்றத்தை நோக்கிய அறையே நன்று. அறையைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது உத்தமம். ஆனால் நள்ளிரவுக்குப் பின் சந்தடி அடங்கிற்று. விடிவதற்கு முன்னர், வேறெந்த ஓசையும் எழாத வேளையில், தலதா மாளிகையின் பக்கமிருந்து முரசொலி கேட்டது. எழுந்து பார்த்தேன். அம்மா ஏற்கெனவே எழுந்து விறாந்தையில் அமர்ந்திருந்தார். "அந்த நாளில் இதைக் கேட்டுத்தான் உன் பாட்டனார் எழும்பிக் கடை திறக்கப் போவார்" என்றார். நாற்பது ஆண்டுகளில் கண்டியைப் பற்றி அவராக எனக்குச் சொன்ன முதலாவது செய்தி அதுவே. மாலை ஊர் திரும்பும் யாத்திரிகனாக வந்திருந்தால் அந்த முரசொலியையும் கேட்டிரேன். அந்தச் சொல்லையும் கேட்டிரேன்.

தலதா மாளிகையில் நாள்தோறும் மூன்று வேளை பூசை நடைபெறும்: அதிகாலை 5.30, முற்பகல் 9.30, மாலை 6.30 என்பன வழமையான நேரங்கள். உள்ளே செல்வோர் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை அணிந்திருக்கவேண்டும். வெண்ணிற உடை விரும்பத்தக்கது. பாதணிகளை வெளியே விட்டுச் செல்லவேண்டும். வாசலில் பரிசோதனையும் உண்டு. அதற்குக் காரணம் உண்டு. 1998ஆம் ஆண்டு சனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய பார ஊர்தியொன்றை அவ்வாசலிலே வெடிக்கச் செய்தனர். வழிபட வந்தவர்களும் உயிரிழந்தனர். மாளிகையின் முகப்பு சிதைந்தது. பின்னர் அது பழையபடி செப்பனிடப்பட்டது. பரிசோதனைக்கு நின்ற வரிசையில் என் மகளுக்கு இதனைச் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முந்திய நிகழ்ச்சி. அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்றதும் தாமரைப் பூத்தட்டு ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி, வரிசையில் நின்ற சிங்களத் தாய்மாரோடு தாமும் மெல்ல மெல்ல நகர்ந்து, பூவை வைத்துக் கும்பிட்டார்.

மாளிகையின் அருகே அரசர்களின் சபா மண்டபம் இருக்கின்றது. சிங்களத்தில் மகுல் மடுவ என்பர். சுவர்களற்ற மண்டபம், செதுக்கு வேலைப்பாடமைந்த மரத் தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. இராசாதி இராசசிங்கன் தொடங்கிய இம்மண்டபத்தை அவனுக்குப் பின் வந்த ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் நிறைவு செய்தான். என் மகள் தூண்களைப் பார்த்துவிட்டு, மாணவர் பலர் கேட்கும் கேள்வியையே கேட்டாள்: "அப்பா, கடைசி அரசன் தமிழனா?"

இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. 1739ஆம் ஆண்டு முதல் கண்டியை ஆண்ட நால்வரும் மதுரையோடு தொடர்புடைய நாயக்கர் குலத்தினர். கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து அரசியரை மணம் செய்து வந்தமையால், வாரிசு இல்லாதபோது அரசியின் சகோதரனுக்கு முடி சென்றது. அவர்கள் தெலுங்கு வழியினர். தமிழும் அவர்களது அரண்மனையில் வழங்கிற்று. எனினும் அவர்களே பௌத்தத்தின் பெரும் புரவலராகவும் விளங்கினர். கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், 1753இல், சீயம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் துறவு தீட்சை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. எண்கோண மண்டபத்தையும் ஏரியையும் நமக்குத் தந்தவன் ஸ்ரீ விக்கிரமனே. வயலாகக் கிடந்த நிலத்துக்கு அணை கட்டி ஏரியாக்கும் வேலை 1807 அளவில் தொடங்கிற்று. குடிகள் ஊதியமின்றி அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டமை அவன்மீது வெறுப்பு வளர்வதற்கு ஒரு காரணமாயிற்று. ஏரிக்கரையைச் சுற்றி அலை போல எழும் முகில் மதில் இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கின்றது. அது முடியுமுன் அவனது ஆட்சி முடிந்துவிட்டது.

1815 பெப்ரவரி 18ஆம் திகதி அரசன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி இதே மண்டபத்தில் தேசாதிபதி பிறவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடினர். கண்டி உடன்படிக்கை இங்கே வாசிக்கப்பட்டது. அரசனின் உறவினரான ஆண்கள் யாவரும் கண்டி நாட்டின் பகைவர் என்றும், எழுத்து மூலமான அனுமதியின்றி அவர்கள் இந்நாட்டினுள் வருதல் ஆகாது என்றும் அதன் வாசகம் கூறிற்று. அவ்வாறு கூறிய அதே ஏட்டில் பிரதானிகள் சிலரின் கையொப்பங்களில் தமிழ், கிரந்த எழுத்துகள் கலந்திருக்கின்றன! சிங்களப் பிரதானிகள் தமிழ் எழுத்தும் அறிந்திருந்த காலம் அது. அரசன் 1816 சனவரியில் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டான். 1832 சனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தான். அவனது சமாதி பாலாற்றங்கரையில் இருக்கின்றது. 1693இல் ஒல்லாந்தர் அளித்ததும், கண்டி அரசர்கள் வழிவழியாக அமர்ந்ததுமான சிம்மாசனம் இங்கிலாந்துக்குச் சென்று, 1934இல் திரும்பி வந்து, இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது.

இவற்றையெல்லாம் ஒருவாறு மகளுக்கு எடுத்துச் சொன்னேன். அம்மா மண்டபத் திண்ணையோரம் இளைப்பாறியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "கதிரை திரும்பி வந்தது. மனுசன்தான் வரவில்லை" என்றார்.

சபா மண்டபத்திலிருந்து நாத தேவாலயத்துக்கும் பத்தினி தேவாலயத்துக்கும் சில நிமிட நடையே. கண்டியில் எஞ்சியுள்ள கட்டடங்களுள் மிகப் பழமையானது நாத தேவாலயம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கற்கோயிலில் தென்னாட்டுச் சிற்ப முறையைக் காணலாம். பத்தினி என்பவள் வேறு யாருமல்லள். எங்கள் கண்ணகி அம்மனே. அவளுக்குச் சேரன் செங்குட்டுவன் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் அங்கிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவதை மாணவர் அறிவர். சற்று மேலே விட்டுணு தேவாலயம். கடைவீதிகளின் நடுவே கதிர்காம தேவாலயம், அதாவது முருகன் சந்நிதி. ஆடி, ஆவணியை அண்டி வரும் எசல பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து இந்நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் செல்கின்றன. தமிழரின் தனிக் கோயிலாகக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலும் அண்மையில் உண்டு. தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே செங்கல்லாலான புனித பவுல் தேவாலயம் நிற்கின்றது. எந்த இடத்துக்கும் நாங்கள் வண்டி பிடிக்கவில்லை. நடந்தும், இளைப்பாறியும், அறைக்குத் திரும்பித் தேநீர் அருந்தியும், மீண்டும் நடந்தும் இரண்டு நாட்களில் பார்த்து முடித்தோம்.

வெளியூரார் அதிகம் செல்லாத ஓர் இடத்தையும் குறிப்பிட வேண்டும். நூதனசாலைக்குப் பின்புறமாகச் சற்று ஏறினால் ஆங்கிலேயரின் பழைய மயானம் வரும். 1817 முதல் அங்கே புதைக்கப்பட்டவர்களுட் பலர் இளம் வயதினர். காய்ச்சலும் வாந்திபேதியும் கொண்டுபோனவர்கள். சிங்கள மொழியைக் கற்று, பிரதானிகளோடு பேசி, உடன்படிக்கைக்கு வழி கோலிய ஜோன் டொய்லியும் 1824இல் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நாட்டை வென்றவர்களும் ஊர் திரும்பவில்லை என்பதை அக்கற்கள் சொல்கின்றன.

இவ்வாறு எல்லாம் பார்த்தோம். கொழும்பு வீதிக்கு மாத்திரம் போகவில்லை. ஹோட்டலிலிருந்து அது கூப்பிடு தூரம். அவ்வழியால் திரும்ப நேர்ந்தபோதெல்லாம் அம்மா மறுபக்கம் நடந்தார். நானும் வற்புறுத்தவில்லை. இரவு உணவின்போது என் மகள் மெல்ல, "அப்பாச்சி, எங்கட கடை எங்கே இருந்தது?" என்று கேட்டாள். "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லி அம்மா எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை. முரசொலி ஓய்ந்து, ஏரிமேல் பனிப்புகை கலையத் தொடங்கிய நேரம். கடைகள் திறக்கும் வேளைவரை விறாந்தையில் அமர்ந்திருந்த அம்மா திடீரென எழுந்து, "வாருங்கோ, போவோம்" என்றார். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

அவர் வழி கேட்காமலே நடந்தார். திருப்பங்களில் தயங்கவுமில்லை. கொழும்பு வீதியில் சிறிது தூரம் சென்று ஓரிடத்தில் நின்றார். அங்கே கைத்தொலைபேசிகளும் அவற்றுக்கான உறைகளும் விற்கும் ஒரு சிறு கடை இருந்தது. மேலே புதிய மாடி. எதிரே நாங்கள் ஒளிந்திருந்த வீடும் இல்லை. அவ்விடத்தில் ஒரு வங்கியின் கட்டடம் எழுந்திருந்தது. நன்றி சொல்வதற்கு ஒருவரும் இல்லை. அம்மா அந்த வங்கியின் பக்கம் திரும்பி, வீதியென்றும் பாராமல், ஒரு கணம் கைகூப்பினார்.

பின்னர் கடைக்குள் ஏறினார். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க சிங்கள இளைஞன் ஒருவன் இருந்தான். மூச்சு வாங்க நின்ற அம்மாவைக் கண்டதும் தான் இருந்த முக்காலியை எடுத்துத் துடைத்து வைத்து, "வாடி வென்ன அம்மே" என்றான். அம்மா அமர்ந்தார். சற்று நேரம் தரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியின் தொலைபேசிக்கு ஓர் உறை வேண்டுமென்று சிங்களத்தில் கேட்டார். அந்த மொழியை அவர் பேசி நான் கேட்டதில்லை, தடையின்றி வந்தது. இளைஞன் பத்துப் பன்னிரண்டு உறைகளைப் பரப்பினான். நீல நிறத்தில் ஒன்றைத் தெரிந்து, பேரம் பேசி, ஐம்பது ரூபாய் குறைத்து, காசைக் கொடுத்துவிட்டு, "ஸ்துதியி, புதே" என்று எழுந்தார்.

வெளியே வந்ததும் என் மகள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "அப்பாச்சி, இது எங்கட கடை இருந்த இடம் என்று ஏன் அவரிடம் சொல்லவில்லை?"

"அந்தப் பிள்ளை அப்போது பிறக்கவேயில்லை. அவனிடம் சொல்லி என்ன? கடையில் முதல் வியாபாரம் நடக்கிற நேரம்" என்றார் அம்மா. சிறிது தூரம் நடந்தபின், "உன்னிடம் சொல்லவேண்டும். அதற்குத்தான் வந்தேன்" என்றார். அன்று பகல் முழுவதும், ஏரியைச் சுற்றியுள்ள ஏறக்குறைய இரண்டு மைல் பாதையில் மர நிழல்களில் இருந்து இருந்து, அவர் பேத்திக்குச் சொன்னார். கடையின் பெயரை, வாடிக்கைக்காரரை, தீபாவளிக்கும் சிங்கள வருடப்பிறப்புக்கும் ஒரே விதமாக நிறைந்த கல்லாப்பெட்டியை, அந்த இரண்டு இரவுகளை, நெல் மூட்டைகளை, கதவைத் தட்டியவர்களிடம் உள்ளே ஒருவருமில்லை என்று சொன்ன அந்த முதிய தாயின் குரலை. நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். அவற்றுட் பலவற்றை நானும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

நேயர்களே, கண்டியில் தங்க எண்ணுவோர்க்கு இன்னும் சில சொல்லவேண்டும். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் மாலையிலும் அதிகாலையிலும் குளிர் உண்டு. முதியவர்களுக்குப் போர்வை அவசியம். எசல பெரஹரா நாட்களில் அறைகளின் வாடகை பன்மடங்கு உயரும். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். பழைய ஹோட்டல்களில் படிகள் அதிகம். கீழ்த்தள அறையோ மின்தூக்கியோ உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலவேண்டாம். பேராதனைப் பூந்தோட்டம் போன்ற தூரத்து இடங்களை வேறொரு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, முதல் இரு நாட்களையும் நடைக்கு விடுக. முக்கியமாக, உங்கள் வீட்டில் அந்நகரை முன்னர் அறிந்த முதியவர் ஒருவர் இருப்பாரேயானால், அவரையும் அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டிப் புத்தகங்கள் கூறாதவற்றை அவர் கூறுவார். அதற்கு அவருக்குச் சற்று நேரமும், இருப்பதற்கு ஓர் இடமும் வேண்டும்.

மகளைப் பேராதனையில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் வடக்கு நோக்கித் திரும்பினோம். அவள் கையில் நீல உறை போட்ட தொலைபேசி இருந்தது. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று வீதியோரக் கற்களின் எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. கிளிநொச்சியைத் தாண்டியபோது, உறங்குகின்றார் என்று நான் நினைத்திருந்த அம்மா கண்ணைத் திறந்தார்.

"தம்பி, அடுத்த பெரஹராவுக்கு அந்த ஹோட்டலிலே இப்போதே ஓர் அறை சொல்லி வை" என்றார். "விலையை எனக்குச் சொல்லவேண்டாம்."